தானியக் குழிக்குள் இறங்கியவர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி, உணவைச் சேமிக்க அந்தக் காலத்து மனிதர்கள் கட்டிய கட்டடங்களை நாடு நாடாகப் போய் அளந்து வரைந்துகொண்டிருந்தாள். மொராக்கோவில் கோட்டை மாதிரி எழுப்பிய தானியக் கிடங்குகள், துருக்கியில் பாறையைக் குடைந்த அறைகள் என்று அவள் எழுதும் கடிதங்களைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். எங்கள் கரிசல் காட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று பதில் போட்டேன். மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை வந்து இறங்கிவிட்டாள்.

விளாத்திகுளத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் பாதி இடிந்த பெரிய வீடு. ஒரு காலத்தில் ஜமீனுக்குச் சொந்தம். அதைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சியும் அவர் மனைவியும் முற்றத்தில் ஆடு அடைத்திருந்தார்கள். எங்கள் இருவரோடு என் கணவரும் வந்திருந்தார். அந்த அம்மா கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார். குடித்து முடித்ததும் அண்ணாச்சி முற்றத்து நடுவில் கிடந்த பலகைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினார்.

கீழே ஒரு பெரிய ஜாடியைப் புதைத்து வைத்ததுபோல் குழி. சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். இரண்டு ஆள் ஆழம். வாய் மட்டும் ஒரு ஆள் நுழையும் அளவுதான். புளித்த வாடை மேலே வந்தது.

“அடியில கொஞ்சம் சோளம் கெடக்கும்மா. பத்து வருசமாத் தெறக்கல” என்றார் அண்ணாச்சி.

என் கணவர் முகத்தைச் சுளித்தார். “இன்னைக்குக் காத்தாடக் கெடக்கட்டுமே. நாளைக்கு வந்து பாத்துக்கிடலாம்.”

“அவ நாளைக்கு ஊருக்குப் போறா. ஒரு எட்டு எறங்கி அளந்து குடுத்தா என்ன?” என்றேன். தோழி முன்னால் என் ஊர் சோடை போகக் கூடாது என்ற நினைப்பு எனக்கு.

அவர் சட்டையைக் கழற்றினார். அந்த அம்மாதான் கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்து, “ஏணி பழசு, வழுக்கிராம” என்று அவர் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினார். டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு என் கணவர் இறங்கினார்.

“அகலம் எட்டடி” என்று குரல் வந்தது. தோழி எழுதினாள். “கீழ வெக்கையா இருக்கு” என்றார். அடுத்த அளவு வரவில்லை.

“என்னங்க” என்றேன். எட்டிப் பார்த்தேன். டார்ச் சோளத்தின்மேல் கிடந்து சுவரில் வெளிச்சம் அடித்தது. அவர் சுவரோரம் சாய்ந்து, தலை தொங்கிக் கிடந்தார்.

அண்ணாச்சி ஏணியில் கால் வைத்துவிட்டார். அந்த அம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“எறங்காதீய. நீங்களும் விழுந்துட்டா யாரு தூக்குததுக்கு? கயித்தப் புடிங்க.”

ஏணியை உருவி எறிந்துவிட்டு நான்கு பேரும் இழுத்தோம். குழியின் வாய் வரை வந்தவர் தோள்பட்டையில் மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் அசையவில்லை. அந்தப் பழைய கயிற்றின் புரி ஒன்று என் கண் முன்னால் அறுந்தது. “கையத் தூக்கி விடு தாயி, மூச்ச அடக்கிக்கோ” என்றார் அந்த அம்மா. நான் குப்புறப் படுத்து, அவர் கையைத் துழாவிப் பிடித்து மேலே இழுத்தேன். தோள் தோல் உரிந்து வெளியே வந்தார். உதடு நீலம். மூச்சு இல்லை.

தோழி அவர் வாயோடு வாய் வைத்து ஊதினாள், நெஞ்சை அழுத்தினாள், திரும்ப ஊதினாள். நான் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு நேரம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு விக்கல் வந்தது. பிறகு குடித்த கூழ் அத்தனையும் வாந்தியாக வந்தது.

மிளகாய் மூட்டை ஏற்றிய வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈரத்தில் மக்கிய சோளம் குழிக்குள் இருந்த காற்றைக் கெடுத்திருக்கும், இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இரண்டு நாள் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு கொஞ்சம் நின்று வந்தாலும் எழுப்பிவிடுவேன்.

“தூங்க விட மாட்டியா?” என்றார்.

“நான்தான எறங்கச் சொன்னேன்.”

“அத விடு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

அடுத்த மாதம் அந்த அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனேன். முற்றத்தில் கல்லும் இல்லை, குழியும் இல்லை. வண்டி வண்டியாகக் கரிசல் மண் கொட்டி மூடிவிட்டிருந்தார்கள்.

“பழைய காலத்துக் கட்டடம். ஒங்களுக்கு மனசு சங்கடப்படும்னு தெரியும்” என்று அண்ணாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

பழைய கட்டடம் எதையும் அழியவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணின்மேல் ஏறி நின்றேன். ஓரிடத்தில் பொதபொதவென்று இருந்தது. அது இறுகும்வரை காலால் மிதித்தேன்.