அகல்யாவின் தீவுப் பாவு

பள்ளிபாளையத்தில் நாலு நாள் லீவு கிடைத்தால் ஜனங்கள் பழனிக்குப் போவார்கள், ஊட்டிக்குப் போவார்கள். என் பக்கத்து வீட்டு அகல்யா மட்டும் தீவுக்குப் போவாள். அதுவும் நாலு பேருக்குத் தெரிந்த தீவா? பேரைச் சொன்னால் "அது எங்கிருக்குது?" என்று கேட்கிற தீவாகப் பார்த்துப் பிடிப்பாள்.

முதலில் போனது கொல்லத்துக்குப் பக்கத்தில் மன்றோ துருத்து. தோணியில் உட்கார்ந்து, பாலம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றினாளாம். கயிறு திரிக்கிற பெண்களோடு உட்கார்ந்து கதை பேசினாளாம்.

"ஏன்டி, கோயில் கீயில் ஏதாச்சும் பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா. நாள் பூராத் தண்ணியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெருக்கோடியில் காவேரி ஓடுகிறது. தண்ணி பார்க்க டிக்கெட் எடுத்து ரயிலேற வேண்டுமா?

போன வருஷம் மகளிர் குழுக்காரிகள் இரண்டு பேரைக் கிளப்பிக்கொண்டு அஸ்ஸாமுக்கே போய்விட்டாள். பிரம்மபுத்திரா நடுவில் மாஜுலி என்று ஒரு தீவு. திரும்பி வந்தவள் ஒரு வாரத்துக்கு அதே பேச்சுத்தான். "அங்க ஊடெல்லாம் கம்பத்து மேல நிக்குதுங்கக்கா. அடியில தறி போட்டுப் பொம்பளைங்க நெய்யறாங்க. மோட்டாரும் இல்ல, சத்தமும் இல்ல. அவங்க பாத்த பூவும் செடியும்தான் துணியில வருது. நாம பாத்தது எதுங்கக்கா நம்ம துணியில வருது?"

இதை என்னிடம் போய்க் கேட்டாள். நான் லுங்கி மூட்டித் தைக்கிறவள்.

படகிலிருந்து தீவைப் பார்த்த மாதிரியே ஒரு போர்வை நெய்ய வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். பெரிய அகலத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர், அப்புறம் மணல் மாதிரி மெல்லிசாக ஒரு கோடு, ஒரு பட்டை பச்சை, கடைசியில் மறுபடி கொஞ்சம் தண்ணீர். அவள் புருஷன் நந்தகுமாருக்கு நாலு விசைத்தறி. தங்கமான பையன்தான். ஆனால் தறி நின்றால் அவனுக்கு மூச்சே நின்றுவிடும். அதனாலேயே எந்த ஊருக்கும் போனதில்லை.

"ஒரே ஒரு பாவு ஓட்டிக்க. ஈரோட்டு வேல்முருகண்ணன் வேண்டாம்னுட்டாருன்னா டிசைனும் கிடையாது, தீவும் கிடையாது. சரியா?" என்றான். வேல்முருகன் இவர்கள் துணியை வாங்கி விற்கிற ஈரோட்டு ஜவுளிக் கடைக்காரர்.

இவளும் யோசிக்காமல் சரி என்றாள். பைத்தியக்காரி!

அட்டையில் நூலைச் சுற்றி டிசைனைக் காட்டி, பாவு ஓட்டுகிற, அதாவது நீளவாக்கு நூலைத் தறிக்குச் சுற்றித் தருகிற ஆண்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டு, சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். வந்து பார்த்தால் பாவைத் தறியில் பிணைத்து, சூடம் காட்டி, ஓட்டவும் தொடங்கியிருந்தார்கள். துணியின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர், நடுவில் எதிரும் புதிருமாக இரண்டு தீவு!

எங்கள் பக்கம் அட்டையில் பாதி டிசைன்தான் சுற்றிக் கொடுப்பார்கள். மறுபாதிக்கு அதையே திருப்பி ஓட்டிக்கொள்வார்கள். ஆண்டி அண்ணனும் அப்படியே செய்துவிட்டார்.

"கரை ரெண்டும் ஒத்து வராத போர்வையை எவன் சாமி வாங்குவான்? நீ பாதிதான் சுத்தியிருக்கீன்னு நெனச்சேன்" என்றார் பாவம்.

சூடம் காட்டிய பாவை எங்களில் யாரும் பாதியில் அறுக்க மாட்டார்கள். நெய்து தீர்த்தே ஆக வேண்டும். முதல் போர்வையைத் தூக்கிக்கொண்டு அகல்யா என் வீட்டுக்கு வந்தாள். அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆண்டி அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தரையில் துணியை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அக்கா, கத்திரியக் குடுங்க" என்றாள்.

"எதுக்குடி?"

கத்திரி கைக்கு வந்ததும் நீளவாக்கில், நட்டநடுவில் வெட்ட ஆரம்பித்துவிட்டாள்! புதுத்துணி! "அடிப்பாவி!" என்று கத்தியேவிட்டேன். வெட்டி முடித்து ஒரு பாதியை என் தோளில் போட்டாள். ஒரு தீவு, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. போர்வை சால்வையாகிவிட்டது. அத்தனை அழகு. வாயை மூடிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்து ஓரம் மடித்துத் தைத்தேன்.

மறுநாள் இரண்டு சால்வை ஈரோட்டுக்குப் போயின. சாயங்காலம் வேல்முருகனிடமிருந்து போன் வந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நந்தகுமார் நாலு தறியையும் நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டான். அகல்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்ப்பா, ஒரு கரை பெருசு, ஒரு கரை சிறுசா இருக்குது?"

"அது அப்படித்தானுங்கண்ணா" என்றான் நந்தகுமார்.

"கடைக்கு வந்த புள்ள ஒண்ணு கையில எடுத்தது, கீழ வைக்கவே மாட்டேங்குது. முழுப் பாவையும் இப்படியே வெட்டி அனுப்பு. இன்னொண்ணும் ஓட்டு."

போனை வைத்துவிட்டு அவன் அகல்யாவையே பார்த்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது எந்தத் தீவு?"

"இன்னும் பாக்கலீங்க."

"பாரு. நானும் வாரேன்."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அப்ப தறி?" என்று கேட்டேன்.

"நிக்கட்டுமுங்கக்கா" என்றான்.