நான் வலை இழுத்த கரை

நேற்று இங்கே மொன்றியலில், சென்ட் லோரன்டில் பஸ்ஸுக்கு நின்றபோது தரிப்பிடக் கண்ணாடியில் ஒரு சுற்றுலா விளம்பரம். நீலக்கடல், வரிசையாகத் தென்னைகள். கீழே இருந்த ஊர்ப் பெயரைப் படித்ததும் மீன் செதிலும் டீசலும் கலந்த வாடை மூக்கில் ஏறிவிட்டது. பஸ்ஸையும் விட்டுவிட்டேன். நம்பமாட்டீர்கள், அந்த ஊரில் நான் நாலு மாதம் இருந்திருக்கிறேன்.

இருந்தேன் என்பதைவிட ஒளிந்திருந்தேன் என்பதுதான் சரி. அப்போது இருபத்துமூன்று வயது. இதே நகரின் லாசாலில் இருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்து நீட்ட இலங்கையிலிருந்து புறப்பட்டவளை, கள்ளமாகக் கனடா அனுப்பும் ஏஜென்ட் அந்தக் கரீபியன் தீவில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். ஐந்து பேருக்கு ஒரு வீடு. யன்னல் திறக்கக்கூடாது. மூன்று வேளையும் பாணும் சீனியும்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் விடிய எழும்பிக் கடற்கரைக்கு நடந்தேன். ஊரே திரண்டு கரைவலை இழுத்துக்கொண்டிருந்தது. ஜோசபின் என்ற மீன்காரி, என்னைப்போல இரண்டு மடங்கு, யார் எவர் என்று கேட்காமல் கயிற்றை என் கையில் திணித்தாள். இழுக்கிறவருக்குப் பங்கு உண்டு, பார்க்கிறவருக்கு இல்லை என்பது அங்கே வழக்கமாம். உள்ளங்கை உரிந்துபோக, ஒரு சட்டி மீனோடு திரும்பினேன்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். எங்களோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கடைசி முள்ளையும் உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“தங்கச்சி, எங்கட ஆக்கள் செய்யிற வேலையே இது?”

சாதியைத்தான் சொன்னார். நான் அடுத்தநாளும் போனேன். வேறொரு ஏஜென்ட் வந்து என்னை ஏற்றிவிடும்வரை ஒருநாளும் தவறவில்லை.

அவர் எனக்கு முன்னரே மொன்றியல் வந்து மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். நான் வந்த கிழமையே, மாமியாக வரவிருந்தவர் தேத்தண்ணி தந்து இதமாகக் கேட்டார்.

“பிள்ளை, அங்க வலை இழுத்தனீராம். பொய்யெண்டு சொல்லும், விட்டிடுவம்.”

மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம் மாமி, இழுத்தனான். மீனும் சாப்பிட்டனான்.”

கலியாணம் நின்றது. அழுதேன், ஒளிப்பானேன்? பிறகு ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். தனியே அறை எடுத்தேன். காலம் வந்தபோது, எனக்குப் பிடித்தவரைக் கட்டினேன். அன்று சொன்ன பதிலில் ஒரு சொல்லைக்கூட இன்றைக்கும் மாற்றமாட்டேன்.

ஜோசபின் இப்போது இல்லை. அவள் மகள் எழுதியிருந்தாள்: கரை முழுவதும் ஹோட்டல். வள்ளங்களை முனைக்கு அப்பால் விரட்டிவிட்டார்கள். வலை இழுக்க இடமில்லை. கையில் ஹோட்டல் விருந்தினர் பட்டி கட்டாத எவரையும் காவலாளி மணலில் இறங்க விடுவதில்லை.

இதையெல்லாம் என் மகளுக்குச் சொன்னேன். ஒருக்கால் போய்ப் பார்த்து வருவோம், டிக்கெட் போடவா என்று கேட்டாள்.

“போடு பிள்ளை,” என்றேன். “ஆனா அந்தப் பட்டியை நான் கட்டமாட்டன்.”