நைண்ட்டி ஃபீட் ராணி

வாயில் நாலு குண்டூசி இருக்கும்போது கலைச்செல்வி மூக்கால்தான் பேசுவாள். "கையத் தூக்குங்க" என்பது "ஹைய ஹூக்குங்க" என்று வரும். வாடிக்கைப் பெண்களுக்குப் பழகிவிட்டது. கால் தையல் மிஷினின் பெடலில், கை துணியில், கண் ஊசியில் என்று மும்முரமாக இருப்பவள், திடீரென்று சேலைக் குவியலுக்கு அடியிலிருந்து கைப்பேசியை உருவி, திரையில் விரலால் ஒரு சுண்டு சுண்டிவிட்டுத் திரும்பவும் மிஷினை ஓட்டுவாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. காஜா டப்பா மேல ஒண்ணு வந்து உக்காந்திருந்துச்சு. புடிச்சுட்டேன்."

கேட்டவள் கரப்பான்பூச்சி என்று நினைத்து இரண்டு காலையும் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொள்வாள்.

தாராவி நைண்ட்டி ஃபீட் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு சிம்கார்டு கடைக்கும் நடுவே செருகி வைத்ததுபோல் இருக்கிறது அவள் கடை. அவள், மிஷின், அளவு கொடுக்க வந்தவள், அவ்வளவுதான் கொள்ளும். கூட வந்த அக்காவோ மதினியோ படியில் நின்றுதான் யோசனை சொல்லவேண்டும். நாற்பத்து மூன்று வயதில் இருபத்திரண்டு வருடம் ப்ளவுஸ் தைத்தே போயிருக்கிறது. எதிரே வருகிற யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் தோள்தான் அவள் கண்ணில் படும். டிவியில் வெள்ளம், தேர்தல் என்று எது ஓடினாலும், "இவளுக்கு எவன் தைச்சான்? அக்குள்ல சுருக்கம் விளுது பாரு" என்பாள். "நாளைக்குப் பக்கா" என்பது அவள் ஒரு நாளில் அதிகம் சொல்லும் பொய். அளவு விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் வராது.

உட்கார்ந்தே தைத்ததில் இந்தக் கோடையில் இரண்டு காலும் வீங்கிக்கொண்டன. டாக்டர், தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். கலைச்செல்விக்கு அது வியாதியைவிடப் பெரிய சங்கடமாக இருந்தது. இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்துக்கும் ஷேர் ஆட்டோ பிடிக்கிறவள் அவள்.

"சும்மா நடக்கவா? எங்க போறன்னு கேட்டா என்னட்டி சொல்ல? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாவ?"

கல்லூரியில் படிக்கும் மகள் ஷாலினி, பதில் சொல்வதற்குப் பதிலாக அம்மாவின் கைப்பேசியில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். நடந்தால்தான் அது நகரும். தெருவின் வரைபடம் திரையில் வரும். நாம் நிற்கிற இடத்தில், நிஜத்தில் இல்லாத ஏதாவது ஒரு பிராணி வந்து நிற்கும். பந்தை எறிந்து பிடிக்கவேண்டும். பூங்கா, சிலை, கோயில் வாசல் எல்லாம் கோட்டைகள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று கட்சி. எதிர்க்கட்சியின் பிராணியை அடித்து விரட்டினால் கோட்டையில் நம்முடையதைக் காவலுக்கு வைக்கலாம். கலைச்செல்வி மங்களகரமாக இருக்கட்டும் என்று மஞ்சளில் சேர்ந்தாள். 'நைண்ட்டி ஃபீட் ராணி' என்று பெயர் வைத்தது ஷாலினி.

"ரெண்டு நாள் டைம்பாஸ் பண்ணு மம்மி. பிடிக்கலேன்னா டிலீட் பண்ணிரலாம்."

நாலு மாதம் ஆகிறது. காலை ஆறு மணிக்கு ரயில் பாலம் ஏறி இறங்கி, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வரை போய் வருகிறாள். கால் வீக்கம் போய்விட்டது. பேக் தைக்கும் பட்டறைக்குப் போகிற அவள் புருஷன் சுயம்பு, பல் விளக்கியபடி வாசலில் நின்று, "இவளுக்குக் கோட்டி புடிச்சிட்டு" என்று அக்கம்பக்கத்துக்கு அறிவித்ததோடு சரி.

ஒரே சிக்கல், அந்தப் பிராணிகளின் பெயர்கள். ஒன்றுகூட அவள் நாக்கில் நிற்கவில்லை. ஆனால் நாமே வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம், அளவு நோட்டில் வாடிக்கைக்காரிகளின் பெயரை எழுதுகிற ஆங்கிலம். அதையே எடுத்து வைத்தாள். நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போகிற பலூன் பிராணிக்கு அகிலாண்டம். தொங்கினால் இறங்கவே தெரியாத வௌவாலுக்கு மெஹராஜ். அந்தம்மா கடைக்கு வந்தால் மதியச் சாப்பாட்டு நேரம்வரை எழுந்திருக்க மாட்டாள். பன்றிபோல உருண்டு திரண்டு, கழுத்தே இல்லாமல், கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கும் ஒன்றை மட்டும் பிடிக்கவே முடியவில்லை. எவ்வளவு சரியாக எறிந்தாலும் பந்தைத் தட்டிவிட்டு வெளியே வந்தது. பதினேழாவது பந்தில் மாட்டியது. அதற்கு ராஜி மாமி என்று வைத்தாள்.

ராஜலக்ஷ்மி மாமி மாட்டுங்காவில் இருப்பவள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவள். கலைச்செல்வி தைத்த எந்த ப்ளவுஸையும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டு போனதில்லை. ஆனால் அந்த நாலு மாடிக் கட்டடம் முழுவதையும் இந்தக் கடைக்குத் திருப்பிவிட்டதும் அவள்தான். ஷாலினியின் கல்லூரி அட்மிஷனுக்கு ஃபாரம் நிரப்பி, கூடவே வந்து வரிசையில் நின்றதும் அவள்தான். மகன் சாய்நாத்துக்கு அடுத்த மாதம் கல்யாணம். எட்டுப் பட்டு ப்ளவுஸ் கலைச்செல்வியின் மேஜைமேல் இருந்தன.

ஆடி மாதத்து வியாழக்கிழமை மாமி அளவு பார்க்க வந்தாள். பட்டுச் சேலைக்குக் கீழே புத்தம் புதிய வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. கையைத் தூக்கி நின்றவள், "ஏண்டி கலை, கையிலே ரத்தம் ஓட வேண்டாமா? இப்படிப் பிடிக்கறதே!" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். ஆனால் மனசு அதில் இல்லை. சட்டென்று கையை இறக்கிக் கைப்பையைத் திறந்தாள்.

"நோக்கு இதெல்லாம் தெரியாது. முழங்காலுக்கு நல்லதுன்னு சாய்நாத் ஒரு கேம் போட்டுக் குடுத்தான். நம்ம கிங்ஸ் சர்க்கிள் பார்க்கிலே ஒரு கோட்டை. எட்டு நாளா என் கையிலே இருந்தது. இன்னிக்குக் கார்த்தாலே எவளோ ராணியாம், என்னைத் தூக்கி வெளியிலே போட்டுட்டா. அது போறது. அவ காவலுக்கு வெச்சிருக்கற ஜந்துவைப் பாரு. பேரைப் படி!"

கலைச்செல்வி படித்தாள். வாயிலிருந்த குண்டூசிகளில் ஒன்று எங்கோ போய்விட்டது. நல்லவேளை, தரையில்தான் விழுந்தது.

"என்னைத் தெரிஞ்சவதான் இதைப் பண்ணியிருக்கா. வேறே யாரு? ரெண்டாவது மாடி சுஷ்மாதான். பார்க்கிங் சண்டையிலேர்ந்து அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகலே. ஞாயித்துக்கிழமை எங்க பில்டிங் சொஸைட்டி மீட்டிங். எல்லார் முன்னாடியும் கேட்டுடறேன்."

"ஹாமி..." என்றாள் கலைச்செல்வி.

"ஊசியை எடுத்துட்டுப் பேசுடி."

எடுத்தாள். மாமியின் தோளில் துணியை நீவினாள். "தோளு ஏக்தம் ஃபிட்டு மாமி" என்றாள்.

அன்று ராத்திரி அவளுக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று ஷாலினியிடம் கேட்டாள். கோட்டையில் வைத்த பிராணியை நாமாகத் திரும்ப எடுக்க முடியாது. யாராவது அடித்து வீழ்த்தினால்தான் வீட்டுக்கு வரும். சரி, பசியில் சோர்ந்து தானாக விழட்டும் என்று அதற்கு இனிப்பு ஊட்டுவதை நிறுத்தினாள். கோட்டைக்குள் இருக்கும் பிராணிக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் இனிப்பு ஊட்டலாம். ஊட்டினால் போன பலம் திரும்பி வந்துவிடும். கலைச்செல்வி அதை லட்டு என்பாள். அவள் நிறுத்தினால் என்ன, மஞ்சள் கட்சியில் வேறு ஆளா இல்லை? சயான் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் மாறி மாறி ஊட்டினார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது ராஜி மாமி முன்னைவிடக் கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியாத பொம்பளைய நாலு பேரு முன்னால நிக்க வச்சுக் கேக்கப் போறாவளே" என்று புலம்பியபடியே சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நடந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது, எட்டு ப்ளவுஸ் துணியையும் மாமி திருப்பி வாங்கிக்கொண்டு போனால் போகட்டும் என்று பாலம் ஏறும்போது முடிவு செய்தாள். இறங்கும்போது, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாமே என்று பட்டது.

பூங்கா வாசலில் மாமியே நின்றிருந்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைப்பேசியை மூக்கருகில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கேடி இங்கே?"

"நடக்க வந்தேன் மாமி."

"நில்லு. இன்னிக்கு இதை ஒரு வழி பண்ணிடறேன்."

மாமி திரையைத் தட்டினாள். கலைச்செல்வியின் இடுப்புப் பர்ஸ் உர்ர் என்றது. கோட்டையில் இருக்கும் பிராணியை யாராவது அடித்தால் சொந்தக்காரிக்குச் செய்தி வரும்.

"உன் ஃபோன் அடிக்கறது. எடு."

"சும்மா கம்பெனி மெசேஜ் மாமி."

மாமி மறுபடி தட்டினாள். உர்ர். தட்டுவதை நிறுத்தினாள். சத்தம் இல்லை. தட்டினாள். உர்ர். ஆடிட்காரி, ஒரு தடவையில் முடிவுக்கு வருகிறவள் அல்ல. நாலாவது தடவைக்குப் பிறகு கண்ணாடியை மூக்குக்கு இறக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"ராணியா?"

"மாமி..."

"சுஷ்மா இல்லையா?"

"அந்த அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது மாமி. நாந்தான். அவங்களக் கேட்டுராதீங்க."

"என் பேரை ஏண்டி அதுக்கு வெச்சே?"

"எத்தன பந்து எறிஞ்சாலும் 'சரியில்ல, சரியில்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டே இருந்துச்சு. ஒங்க ஞாபகம் வந்துட்டு." சொல்லிய பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. அவசரமாகச் சேர்த்தாள். "ஆனா எங்கிட்ட இருக்கதுலயே அதுக்குத்தான் மாமி பலம் ஜாஸ்தி. மத்ததெல்லாம் ஒரு நாளு தாங்காது. காவலுக்குன்னா ஒங்களத்தான் வைக்கணும்."

மாமி அந்த உருண்டைப் பிராணியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நேக்குக் கழுத்து இவ்வளவு குட்டையாவா இருக்கு?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்றிருப்பார்கள். கலைச்செல்வி மாமியின் கழுத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"கொஞ்சம் குட்டைதான் மாமி. அதாலதான் நீங்க எவ்ளோ திட்டினாலும் பின்கழுத்த ஒரு இஞ்சு இறக்கி வெட்டுவேன். பாக்கதுக்கு நீளமாத் தெரியும்."

மாமியின் கை தானாகப் பிடரிக்குப் போய் அங்கிருந்த ப்ளவுஸின் ஓரத்தைத் தடவியது. எதிரே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"பதினோரு வருஷமா சொல்லவேயில்லையேடி."

"நீங்க கேக்கலியே மாமி."

மாமிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ளே எட்டும் வந்தாகணும். நாளைக்கு நாளைக்குன்னா கொன்னுடுவேன்" என்றாள். "இப்போ நகராம நில்லு. எவன் உதவியும் வேண்டாம். நானே இவளை அடிச்சு வெளியிலே தள்ளறேன்."

தூறல் விழுந்தது. கலைச்செல்வி குடையை விரித்து மாமியின் தலைக்கும் கைப்பேசிக்கும் மேலாகப் பிடித்தாள். அவளது பாதி முதுகு நனைந்தது. மாமி பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். திரையில் பிராணி தள்ளாடியது.

"இன்னும் எவ்வளவுடி பாக்கி?"

"அவ்ளோதான் மாமி, முடிஞ்சிட்டு. இன்னும் ரெண்டே அடி. விடாதீங்க" என்றாள் கலைச்செல்வி. சொல்லிக்கொண்டே, மாமியின் முதுகுக்குப் பின்னால் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்த கைப்பேசியில், கட்டைவிரலால் ராஜி மாமிக்கு ஒரு லட்டை ஊட்டினாள்.