நெய் என்று அம்மா நினைத்தது

அம்மாவின் விரல் வெடிப்புகளைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். ஆனால் அந்த ஆனி மாதம், ரசம் ஊற்றிய சோற்றில் கை வைத்ததும் "ஸ்..." என்று இழுத்துக்கொண்டு அவர் கரண்டியை எடுத்தபோதுதான் எனக்கு ரோசம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்து, ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியராகவும் ஆகிவிட்டேன். இந்தக் கைக்கு ஒரு வழி செய்ய முடியாவிட்டால் படித்து என்ன?

பார்மசியில் வாங்கிக் கொடுத்த கிறீம் எதுவும் நிற்கவில்லை. மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கையில் அது ஒரு மணி நேரம்கூடத் தங்காது. போனில் தேடியபோதுதான் மாட்டுக் கொழுப்பைப் பற்றிப் பார்த்தேன். உருக்கி, வடித்து, சுத்தம் செய்தால் வெள்ளைக் களிம்பாகுமாம். தோலில் தானாகச் சுரக்கிற எண்ணெயோடு ஒத்துப்போகுமாம். தண்ணீர் பட்டாலும் லேசில் போகாதாம்.

எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வந்ததே இல்லை. டவுனில் அந்த இறைச்சிக் கடையைத் தாண்டும்போது அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடையை எட்டிப் போடுவார். இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். சாப்பிடவா சொல்கிறேன், தடவத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைக்கார முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நானா, கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழுப்பு மட்டுமா? இறைச்சி வேணாமா தம்பி?"

"கொழுப்பு மட்டும் போதும் நானா. சிறுநீரகத்தைச் சுத்தி இருக்குமே, அந்தக் கொழுப்பு."

"படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. படிச்சவங்களுக்குக் கொழுப்பு கூடத்தான் இருக்கும்னு நெனச்சேன், நீங்க கடைக்கு வந்து வேற கேக்குறீங்களே!" என்று சிரித்துக்கொண்டே இரண்டு பைக்குள் போட்டுச் சுற்றித் தந்தார்.

அது ஒரு சனிக்கிழமை. அம்மா கொழுந்து மலைக்குப் போயிருந்தார். லயத்து வரிசையில் எங்கள் வீடான ஒற்றை அறைக் காம்பராவின் கதவைச் சாத்திவிட்டுக் கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கி, தண்ணீரும் உப்பும் போட்டு அடுப்பைக் குறைத்து வைத்துக் காய்ச்சினேன். பழைய வேட்டித் துணியில் வடித்து ஆற வைத்தேன். லயத்துக் குளிரில் அரை மணி நேரத்தில் கட்டியாகிவிட்டது. அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிவிட்டு மறுபடியும் உப்புத் தண்ணீரில் காய்ச்சினேன். பக்கத்துக் காம்பரா அத்தை கதவைத் தட்டினார்.

"என்ன மருமகனே, லயம் பூரா கவுச்சி அடிக்குது?"

"மருந்து காய்ச்சுறேன் அத்தை."

"என்ன மருந்து? லேகியமா?"

"அந்த மாதிரிதான்."

"இன்னும் பொண்ணே பாக்கல, அதுக்குள்ள லேகியமா!" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று சிரித்தார்.

மூன்றாவது தடவை காய்ச்சி இறக்கியபோது வாடை போய்விட்டிருந்தது. மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரு பங்கில் தேங்காயெண்ணெய் கலந்து, கரண்டியால் அடித்து அடித்துக் களிம்பாக்கினேன். மீதியைக் கலக்காமல் ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி, என் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன்.

அன்று மாலை அம்மாவின் விரல்களில் நானே தடவிவிட்டேன்.

"எதுல தம்பி செஞ்ச?"

"எண்ணெய்லதாம்மா."

அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு வாரத்தில் வெடிப்புகள் மூடிக்கொண்டன. அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் விரலை விரித்துக் காட்டினார். "எம் மகன் செஞ்ச மருந்து" என்று அத்தைக்கும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக் கொடுத்தார். அத்தையின் குதிகால் வெடிப்பும் ஆறியது. "வாத்தியார் வேலைய விட்டுட்டு டொக்டரா போயிருக்கலாம் மருமகனே" என்றார் அத்தை.

ஆடி பிறந்தது. எனக்கு நியமனம் கிடைத்தால் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக அம்மா வேண்டியிருந்தார். இரண்டாவது வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அரிசி இடித்தாயிற்று, சர்க்கரை இருக்கிறது, நெய் மட்டும் டவுனில் வாங்கிவா என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு நாளும் மறந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும்தான் ஞாபகம் வந்து, ஓடிப்போய் ஒரு டின் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டிருந்தார்கள். என்னிடம் இருந்த சாவியால் திறந்து பையை வைக்கப் போனபோது, என் புத்தகங்கள் முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். அவற்றுக்குப் பின்னால் போத்தல் இல்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. கையில் நெய் டின்னோடு நின்றேன். பிறகு புரிந்தது. குளிரில் கட்டியாகி, வெள்ளையாக, வாடையில்லாமல், மகன் பத்திரமாக எடுத்து வைத்திருந்த ஒரு போத்தல். அம்மாவுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்? கோயிலுக்கு ஓடினேன். கதவைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

கோயிலில் தீபாராதனை முடிந்திருந்தது. தட்டில் மாவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏலக்காய் வாசத்துக்கு அடியிலிருந்து எனக்கு மட்டும் தெரிந்த அந்த முதல் நாள் வாடை மெல்ல எழுந்து வந்தது. அம்மா என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, திரியை எடுத்துவிட்டு, உருகியது ஊறிப்போயிருந்த நடுமாவில் ஒரு பிடி கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"கள்ளன். நெய்ய வாங்கி ஒளிச்சு வச்சுட்டு ஒரு வார்த்த சொல்லல பாரு. ஒனக்காகப் போட்ட வெளக்கு, நீதான் மொதல்ல சாப்புடணும்."

சுற்றிலும் பெண்கள் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தை முன்னால் நின்றார். வாயில் போட்டு விழுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அடுத்த பிடியை அம்மா கிள்ளிவிட்டார்.

"அம்மா, குடுக்காதீங்க." அவர் காதருகே குனிந்தேன். "அது நெய் இல்ல. மாட்டுக் கொழுப்பு. ஒங்க கைக்கு மருந்து செஞ்சேனே, அதுல மிஞ்சினது."

அம்மா மூடி மறைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். விளக்கு கீழே விழுந்துவிட்டது, பூச்சி விழுந்துவிட்டது என்று ஏதாவது சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார், வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுவார் என்று. அவர் கிள்ளிய மாவைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரும் வாங்காதீங்க. இது நெய் இல்லையாம். மாட்டுக் கொழுப்பாம். தெரியாம ஆத்தாவுக்குக் கொளுத்திட்டேன்."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பூசாரி தட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, "தெரியாம செஞ்சதுதானேம்மா. அந்த எடத்தக் கழுவி மஞ்சத் தண்ணி தெளிச்சிடுறேன். அடுத்த வெள்ளி வந்து போடு" என்றார்.

அத்தைதான் என் பக்கம் திரும்பினார். "அப்ப எங் குதிகால்ல தடவுனது?"

நான் தலையைக் குனிந்தேன். அத்தை காலைப் பார்த்தார், அம்மன் சந்நிதியைப் பார்த்தார். "கால்லதானே தடவுனேன், நாக்குலயா தடவுனேன்" என்று தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். அந்தக் கையால்தான் மாவு பிசைந்திருந்தார். அந்தக் கையால்தான் ஆடி பிறந்ததிலிருந்து சாமிக்கு விளக்கேற்றியிருந்தார்.

மாவை ஆற்றில் விட்டுவிட்டு வந்து, லயத்துப் பொதுக் குழாயான பீலித் தண்ணீரில் சாம்பலும் மஞ்சளும் போட்டுக் கையைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரலில் மூடியிருந்த வெடிப்பு திறந்துகொண்டது.

"போதும்மா. ஆறின புண்ணு திரும்பப் பொளக்குது. அது தோலுக்கு நல்லதுதாம்மா, விஞ்ஞானத்துல..."

"நல்லதுதான். நான் இல்லேன்னா சொன்னேன்? ரெண்டு வாரத்துல ஆறிடுச்சே." அவர் தலை நிமிரவில்லை. "எதுல செஞ்சன்னு ஒன்னையக் கேட்டேன்ல?"

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவே இல்லை. மறுநாள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாங்கி வந்திருந்த நெய் டின்னை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்பில் படித்த காலத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும், தோட்டத்து நோட்டீஸையும், மருந்துச் சீட்டையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். நான் வாசித்தது எதுவானாலும் அவருக்கு அதுதான் முடிவு.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"பசு நெய்ம்மா. பசும்பால்ல எடுத்தது. வேற ஒண்ணும் கலக்கல."

அம்மா தலையாட்டினார். டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனார். அத்தையின் மருமகள் எழுத்துக் கூட்டி வாசிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.