இல்லாத கோப்பும் முளைக்காத விதையும்

திருவாரூர் பக்கம் நெல் உலர்த்தும் ஆலை ஒன்றில் எனக்குக் கணினி வேலை. எந்த நெல்லுக்கு எவ்வளவு சூடு என்பது ஒரு கோப்பில் இருக்கும். இயந்திரம் தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்ளும். கோப்பு இல்லாவிட்டால், அரிசிக்கான நெல்லின் சூட்டிலேயே சத்தமில்லாமல் ஓடும்படி எழுதியிருந்தேன். "சுவிட்ச் போட்டா ஓடணும் தம்பி, சாக்கு சொல்லக் கூடாது" என்பார் முதலாளி.

கணினியை மாற்றிய அன்று அந்தக் கோப்பை நகலெடுக்க மறந்துவிட்டேன். அன்றுதான் பக்கத்து ஊர் விவசாயி செல்வி அக்காவின் விதைநெல் உலர்ந்தது.

சம்பா நாற்றங்காலுக்காக ஊறவைத்த நெல்லில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு அக்கா ஆலைக்கு வந்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை.

"பழைய நெல்லா இருக்கும்மா" என்றார் முதலாளி.

"இந்த வருஷம் அறுத்ததுங்க. நான்தான் தண்ணிய சரியா வடிக்கலையோ என்னமோ."

அக்கா தன்னையே நொந்துகொண்டதைக் கேட்ட பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"உங்க தப்பு இல்லக்கா. சூடு அதிகமாகி விதை செத்துடுச்சு. ஃபைல் இல்லன்னு மிஷினுக்குத் தெரியும். ஆனா சொல்லாம ஓடிடுச்சு. அப்படி எழுதினது நான்தான்."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்ன தம்பி?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். புரியவில்லை என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, தலையாட்டியே படித்தேன். அதையேதான் இயந்திரத்துக்கும் பழக்கியிருந்தேன்.

இப்போது கோப்பு இல்லையென்றால், எது இல்லை என்று தமிழில் காட்டிவிட்டு இயந்திரம் நின்றுவிடும். முதலாளி திட்டுகிறார். செல்வி அக்கா விதைநெல்லை ரோட்டில்தான் காயவைக்கிறார்.