காடாத் துணியின் அந்தப் பக்கம்

ஜன்னலுக்குத் திரை தைக்க மகள் காடாத் துணி வாங்கி வந்திருந்தாள். பிரித்ததும் கஞ்சி வாசம் குப்பென்று ஏறியது. உடனே எனக்கு எழுபதுகளின் தூத்துக்குடி ஞாபகம் வந்துவிட்டது. வயதானவனுக்கு எதைக் கண்டாலும் பழங்கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் நான் குமாஸ்தா. மாலையானால் தெருப் படிப்பகத்தில் கிடப்பேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி, சுடப்பட்டு இறந்த தலைவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எங்களுக்குக் கிடைத்தது. புரொஜெக்டர் பாதிரியார் கொடுத்தது, கரண்டு பலசரக்குக் கடை அண்ணாச்சி கொடுத்தது. தெரு நடுவே இரண்டு மூங்கில் நட்டு, புதுக் காடாத் துணியைக் கட்டினோம். படம் இங்கிலீஷ். மைக்கில் தமிழில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் இங்கிலீஷ் எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை இறங்கியது என்பதோடு சரி. இருந்தாலும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

துணித் திரையில் பின்பக்கமும் படம் தெரியும், இடம் வலம் மாறி. எப்போது படம் போட்டாலும் தெருக்காரர்கள் முன்னால், உப்பளத்தில் வேலை செய்யும் குடிசைக்காரர்கள் பின்னால். யாரும் சொல்லி வைத்ததில்லை. பிறந்த சாதியைப் பார்த்து அவரவர் போய் உட்கார்ந்துகொள்வதுதான் வழக்கம்.

படத்தில் தலைவர் மேஜையில் எழுதுவது வந்தது, பிறகு பஸ் வந்தது. "கறுப்பு ஆளுக பின்னாலதான் உக்காரணும்னு அங்க சட்டம். அத எதுத்துத்தான் இவரு போராடுதாரு" என்று மைக்கில் முழங்கினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். உப்புச் சுமக்கும் முத்துக்கனி அக்கா.

"ஏ தம்பி, பின்னால உக்கார வச்சது தப்புன்னா, நாங்க எதுக்கு இங்கன இருக்கோம்?"

பதிலுக்குக் காத்திராமல் அக்கா மூங்கிலைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார், கூடவே அவர் ஆட்களும். முன்வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார். "அண்ணாச்சி, கரண்ட நிப்பாட்டும்!"

அண்ணாச்சியின் கை சுவிட்சுக்குப் போனது. அணைத்தால் படம் மட்டுமா நிற்கும், இருட்டில் அடிதடி அல்லவா நடக்கும்!

அண்ணாச்சி அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஏலே, நீ மொதல்ல உக்காரு. ஏளா முத்துக்கனி, நீயும் அங்கனயே உக்காரு. ரெண்டு பேரும் நட்டமா நின்னா மத்தவன் எப்படிப் படம் பாக்க?"

சிரிப்பு கிளம்பியது. பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். திரையில் தலைவர் மறுபடியும் மேஜையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏயப்பா, இவரு சோத்தாங்கையாலல்லா எழுதுதாரு! அங்கன இருந்து பாக்கையில பீச்சாங்கையா இருந்துச்சே!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

படிப்பகம் இப்போது செல்போன் கடை. பலசரக்குக் கடை போய்விட்டது, அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே எங்கள் தெருவிலிருந்து போனது திரையின் பின்பக்கம்தான். அடுத்த படத்துக்கு அண்ணாச்சியே ஆணியும் சுத்தியலுமாக வந்து, துணியைத் தன் குடோன் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டார்.