பட்டான் என்றால் பிடித்தான்

அன்றைக்கு ஸ்கிராப் தொட்டிக்குப் பின்னால் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். லேத் ஓட்டுகிற நரசிம்மன். சரக்கு ஏற்றி இறக்குகிற ராயக்கோட்டை பாபு. மதியச் சோற்றில் பங்கு கேட்டு வருகிற, வாட்ச்மேன் வளர்த்த நாய். அப்புறம் நான். நாயையும் கணக்கில் சேர்ப்பதா என்று கேட்பீர்கள். சேர்க்கத்தான் வேண்டும். நாங்கள் போட்ட படக்கதையில் அதுவும் இருக்கிறது, கன்றுக்குட்டியாக.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் என் மகள். போன மாதம் ஓசூரில் நடந்த புத்தகக் கண்காட்சியில் தடியாக ஒரு கிராஃபிக் நாவல் வாங்கினாள். பல நூறு வருடங்களுக்கு முந்தைய ஏதோ ஒரு போரைப் படம் படமாக வரைந்திருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் குதிரையும் ரத்தமும். வீட்டுக்கு வந்ததும் வாங்கி முகர்ந்து பார்த்தேன். புதுப் புத்தகத்தை முகர்வது படித்தவர்களின் பழக்கம் என்பார்கள். ஒன்பதாவதோடு நின்றவனுக்கு அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு அச்சு மை வாசனைக்குப் பின்னாலேயே இன்னொரு வாசனையும் வரும். கூலண்ட் வாசனை. லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்கப் பாய்ச்சுகிற, பால் மாதிரி வெளுத்த எண்ணெய்த் தண்ணீர். எத்தனை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கிலிருந்து போகாது.

இரண்டே நாளில் மகள் படித்து முடித்துவிட்டாள். "கடைசியில எல்லாரும் செத்துர்றாங்கப்பா" என்றாள். எனக்கு எங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது எங்களுடையது ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனி. மோட்டார் வண்டிக்கான உருளைச் சாமான்களைக் கடைந்து கொடுப்போம். நான் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்தவன். இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார்ந்து, அளவு பார்த்து, சரியானதற்குப் பச்சைச் சீட்டும் கழித்ததற்குச் சிவப்புச் சீட்டும் எழுதிக் கட்டுவேன். எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் நம்பிக்கை வராது. மூன்று தடவை அளப்பேன். அறையைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அதனால் கம்பெனி முழுக்க எனக்கு 'ரீசெக்' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

நரசிம்மன் பாகலூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டுவான். கழித்துப்போட்ட டிராயிங் தாள்களின் பின்பக்கத்தில், இரும்பில் குறி போடுகிற பென்சிலால் வரைந்துகொண்டே இருப்பான். மாடு என்றால் அப்படி ஒரு மாடு. தாளைத் திருப்பினால் மூன்று வட்டமும் எட்டு அளவும் இருக்கும். இந்தப் பக்கம் காளை திமிலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

அவன் ஊர் நிலத்தில் ஒரு கல் இருந்தது. வில்லோடு ஒரு ஆள், காலடியில் மாடுகள், மேலே நாலு வரி எழுத்து. அது ஊருக்குச் சாமி. சங்கராந்திக்கு மறுநாள் மாடுகளுக்குக் கொம்பு சீவி, மணி கட்டி, அந்தக் கல்லைச் சுற்றி ஓட்டிவருவார்கள். ஒருநாள் ஏதோ கல்லூரியிலிருந்து வந்தவர்கள் கல்லில் மாவு பூசி எழுத்தைப் படித்து, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். ஆயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்து. அந்தத் தாளைத்தான் அன்றைக்கு நரசிம்மன் ஸ்கிராப் தொட்டிக்குப் பின்னால் விரித்தான். நாலாவது வரி இப்படி முடிந்தது: தொறு மீட்டுப் பட்டான்.

"தொறுன்னா மாட்டுக் கூட்டம். வேத்தூர்ப் படை வந்து மாடெல்லாம் ஓட்டினு போயிட்டாங்க. இவரு ஒத்தை ஆளா போய் சண்டை போட்டு மீட்டாரு" என்றான்.

"பட்டான்னா?" என்று பாபு கேட்டான்.

"பாடுபட்டான். கஷ்டப்பட்டான்" என்றேன் நான். எனக்குத் தெரிந்த 'பட்டான்' அதுதான்.

நரசிம்மன் சிரித்தான். "இல்லண்ணா. எங்க வீட்டுல பட்டுகோன்னா புடிச்சுக்கோன்னு அர்த்தம். மாட்டை மீட்டு, கயித்தை கெட்டியா புடிச்சான். புடிச்சினு ஊருக்கு வந்தான். அவ்ளோதான் கதை. இதை நான் புஸ்தகமா போடப் போறேன். நீதான் எழுத்து எழுதணும்."

சிவப்புச் சீட்டு எழுதி எழுதி என் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு எழுத்து தப்பானால் என்ன ஆகும் என்று அன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

வீரனாக நிற்க பாபுவைப் பிடித்தோம். அவன் குடும்பம் ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி வியாபாரம். பெட்டி தூக்கித் தூக்கி அவனுக்குத் தோள் அகலம். ஆறடி இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்து, தொட்டிமேல் ஏற்றி நிறுத்துவோம்.

"எவ்ளோ நேரம்டா தூக்கினு நிக்கிறது? அந்த வீரன் இவ்ளோ நேரத்துல ரெண்டு சண்டை முடிச்சிருப்பான்."

"பாபு பாய், மூஞ்சில கோவம் கொண்டா."

"இந்த மாசம் ஓவர்டைம் காசு போடலைன்னு சொல்லு, தானா வரும்."

அதிகம் தகராறானது மாடு பிடிக்க வந்த படை என்ன பாஷை பேசுவது என்பதில்தான். "கன்னடம் பேசட்டும்டா, ஜோரா இருக்கும்" என்றான் பாபு. நான் பேனாவை மூடிவிட்டேன். தண்ணீர்ப் பிரச்சினை வந்தால் மாநில எல்லையில், ஜூஜுவாடியில் பஸ் நின்றுவிடுகிற ஊர் இது. நாளைக்கு யாராவது இந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, எழுதினவன் யார் என்று கேட்டால்? கன்னடம் வேண்டாம் என்றேன். தெலுங்கு என்றால் நரசிம்மனின் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். தமிழ் என்றால் வீரனும் அவர்களும் பேசியே தீர்த்துக்கொண்டிருக்கலாமே என்றான் பாபு. கடைசியில் எங்கள் படைக்கு வாயில் 'ஹோ ஹோ' தவிர வேறு வார்த்தை கிடையாது. இருபத்து நாலு பக்கத்தில் பாதி 'ஹோ ஹோ'வை நான்தான் எழுதினேன்.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. வீரனின் தோளும் தொடையும் பாபுவுடையவை. முகம் பாபுவுடையதில்லை. நீள மூக்கு, இடது புருவத்தில் ஒரு வெட்டு. "யாருடா இது?" என்றால், "வீரன்தான்" என்பான் நரசிம்மன்.

தீபாவளி போனஸை அப்படியே அச்சகத்தில் கொடுத்தான். பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பவர் செல்வியக்கா. கல்லாவி ஊர்க்காரர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் வீரன் மாடுகளோடு வீட்டு வாசலில் நிற்கிறான். செம்பில் தண்ணீரோடு ஒருத்தி வருகிறாள். அக்கா கல்லூரிக்காரர்கள் கொடுத்த தாளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏந்தம்பி, இதுல செத்துட்டான்னு போட்டிருக்கு. நீங்க தண்ணி குடுத்துக்கினு இருக்கீங்க?"

"எங்கக்கா போட்டிருக்கு?"

"பட்டான்னா செத்துட்டான்னு அர்த்தம்ப்பா. போன வருசம் ஒருத்தருக்குக் கல்வெட்டு தீசிஸ் அடிச்சேன். பக்கத்துக்குப் பத்து பேரு பட்டான். செத்தவனுக்குத்தானே கல்லு நடுவாங்க? உயிரோட வந்தவனுக்கு எதுக்குக் கல்லு?"

அச்சகத்துச் சுவர்க் காலண்டர் இன்னும் கண்ணில் நிற்கிறது. சங்கராந்திக்கு ஐந்து நாள். மாடு ஓட்டுகிற அன்றைக்குப் புத்தகம் கல்லுக்கு முன்னால் இருக்க வேண்டும். கடைசி நாலு பக்கத்தை மாற்றி வரைய வேண்டும். போனஸ் போய்விட்டது. நரசிம்மனிடம் சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லாவிட்டால் நாளைக்கு விஷயம் தெரிந்தவன் எவனாவது அவனை ஊர் முன்னால் கேவலப்படுத்துவானே என்றும் நினைத்தேன். அரை மில்லிமீட்டர் கூடினாலே சிவப்புச் சீட்டு கட்டுகிறவன் நான்.

"அப்படியே போடுங்கக்கா" என்றேன்.

வெளியே வந்ததும் திரும்பிப் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாசல் வரை போனேன். பூட்டை இழுத்துப் பார்க்கப் போவேனே, அதே மாதிரி. உள்ளே மட்டும் போகவில்லை.

சங்கராந்திக்கு மறுநாள் பாபுவும் நானும் நரசிம்மனின் ஊருக்குப் போனோம். புத்தகக் கட்டு கல்லுக்கு முன்னால் இருந்தது, மேலே மஞ்சள் தெளித்து. முதல் பிரதியை நான் எடுத்தேன். நரசிம்மன் கை நீட்டினான்.

"எழுதினவனா இருந்தாலும் காசு குடுத்துத்தான் வாங்கணும். ஓசியில குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்கண்ணா."

அட்டையில் 'விலை ரூபாய் முப்பது' என்று எழுதியதே நான்தான். என்னிடம் நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. அவனிடம் சில்லறை இல்லை. அப்புறம் கொடு என்றான்.

சாப்பிட வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் ஒரு போட்டோ. நீள மூக்கு, இடது புருவத்தில் வெட்டு. லாரிக்கு முன்னால் நிற்கிறான். பாபு என் தொடையைக் கிள்ளினான். நரசிம்மனின் அண்ணன் அவன். ஜூஜுவாடியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன். நாலு வருடமாக ஆளும் இல்லை, சேதியும் இல்லை. லாரியை எங்கோ கண்டுபிடித்தார்கள், அவனைக் கண்டுபிடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் போட்டோவுக்கு மாலை போட்டுவிடலாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்களாம். அப்பா போட விடவில்லை.

அந்த அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படம் படமாகப் போனார். சண்டை வந்த பக்கங்களில் மூச்சு வாங்கினார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"இல்லு சேரினாடா?"

வீடு சேர்ந்துவிட்டானா என்று கேட்கிறார்.

"சேரினாடு நாயனா" என்றான் நரசிம்மன்.

நான் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தேன். உண்மை தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். செத்தவரை உயிரோடு அச்சடித்ததற்கு அந்தச் சாமி என்னை என்ன செய்யும் என்று மூன்று மாதம் தூக்கமில்லை. அப்போது வந்த ஒரு காய்ச்சலைக்கூட அதன் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

நரசிம்மனுக்குப் பெங்களூரில் விளம்பரப் படம் வரைகிற வேலை கிடைத்தது. வழியனுப்ப ஜூஜுவாடி வரை போனேன். லாரிகள் வரிசையாக நின்றன. அவன் ஒவ்வொரு லாரியின் முன்கண்ணாடியையும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பழக்கம் அவனுக்கு எதனால் வந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. இனிமேல் சொல்லாவிட்டால் எப்போது? செல்வியக்கா சொன்னதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவனுக்கு அதிர்ச்சியே இல்லை. "காலேஜ்காரங்க தாள் குடுத்த அன்னைக்கே சொல்லிட்டாங்கண்ணா."

"தெரிஞ்சேவாடா வரைஞ்ச?"

"தமிழ்ல படிச்சா ஆளு செத்துர்றான். தெலுங்குல படிச்சா புடிச்சினு வீட்டுக்கு வர்றான். நான் தெலுங்குல படிச்சேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ தூங்குவியா? எழுத்தெல்லாம் ஆடிப் போயிருக்கும்."

அந்த முப்பது ரூபாயை எடுத்து நீட்டினேன். தள்ளிவிட்டான். "வெச்சுக்கோ. கடன் இருந்தாத்தான் ரீசெக்கு தூக்கம் வராம என்னைத் தேடினு வருவான்." பஸ் வந்துவிட்டது.

தேடிப் போகவில்லை. கல்யாணம், குழந்தை, வேறு கம்பெனி என்று வருடங்கள் போய்விட்டன. மகள் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு போன ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது பெரிய கிடங்கு. பாபு குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்வி. நரசிம்மனின் ஊரில் நிலமெல்லாம் மனையாகிவிட்டது. அந்த வீடு இல்லை. கல் மட்டும் ஒரு காம்பவுண்டுச் சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவில், தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. பக்தர்கள் பச்சைப் பெயின்ட் அடித்து, வீரனுக்கு மீசையும் வரைந்திருக்கிறார்கள். நாலு வரி எழுத்தும் பெயின்ட்டுக்குள் போய்விட்டது. இனி எந்தப் பாஷையிலும் அதைப் படிக்க முடியாது.

எதிரே டீக்கடை அம்மாவிடம் விசாரித்தேன். நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார்களாம். எந்த இடம் என்று தெரியாது. "பெரிய பையன் கதை உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மா ஆரம்பித்தார். நான் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் எதையும் மூன்று தடவை பார்க்காமல் விட்டதில்லை. அன்றைக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நானும் தெலுங்கில் படித்துவிட்டு வந்துவிட்டேன்.

புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. அதற்கு இன்னும் காசு கொடுக்கவில்லை. நரசிம்மனுக்கு நான் தர வேண்டியது முப்பது ரூபாய்.